வேண்டாம் மந்திரியின் சிவப்பு வட்டம்

"பேர் போடலையாம், பேர்! பேர் போடாமலே தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்குது. போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

மாடிப்படியின் மேல் முனையிலிருந்து மூத்த மருமகள் கத்தினாள்.

"நீங்க அந்த கமெண்டைப் போடாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே அக்கா!" கீழ் முனையிலிருந்து இளையவள். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு.

"அப்ப தப்பு என் மேலங்கறே?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாம சொல்றே. டீச்சரம்மாவாச்சே, அதுல எல்லாம் கெட்டி!"

நடுப்படியில் உட்கார்ந்து மாமியார் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சமையலறையில் இடமில்லாமல் இல்லை. மேலே பேசுவதும் கீழே பேசுவதும் ஒரே அளவில் காதில் விழும் இடம் அந்த வீட்டிலேயே அது ஒன்றுதான்.

சென்ற வாரம் வெளியூர் போயிருந்தவர்கள் வசதிக்காக, நடந்ததைச் சொல்லிவிடலாம்.

இளையவள் அடுத்த தெரு ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வருடம் முடிந்தால் ஆகும் என்று ஹெச்.எம். அம்மா வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில்தான் அவள் தன் வகுப்புக்கென்று சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். 'எங்கள் மூன்றாம் வகுப்பு' என்று பெயர். அதில் எந்தப் பிள்ளையின் முகமும் வராது, பெயரும் வராது. மைக்கறை படிந்த விரல்கள் வரும். ஜாம் பாட்டிலில் முளைத்த பயிறு வரும். பிறகு கேள்விகள்.

'ரொட்டிக்குள்ளே ஓட்டை போடுவது யார்?' என்று கேட்டிருந்தார்கள் ஒரு நாள். விடிவதற்குள் பேக்கரிக்காரரே மாவுக் கையோடு பதில் எழுதியிருந்தார். இன்னொரு நாள், ஏதோ ஒரு ஊரிலிருந்து இன்னொரு மூன்றாம் வகுப்பு வந்து சேர்ந்துகொண்டது. அன்றுமுதல் இரண்டு பள்ளியிலும் உச்சி வேளையில் வாசலில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளந்து, படம் போட்டு ஒப்பிட்டார்கள். போன் என்றாலே பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கும் ஹெச்.எம். கூட, மணியடித்ததும் வகுப்பு வாசலில் வந்து நின்று, யாருக்கோ கேட்பதுபோல், "அந்த ஸ்கூல்ல இன்னிக்கு நிழல் எவ்வளவாம்?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஏன் ஜன்னலைப் பார்த்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

மாமியாருக்கும் அந்தப் பக்கம் பிடித்துப்போனது. ஆனால் அவருக்கு அதற்கும் வீட்டு குரூப்புக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. முளைத்த பயிறு படத்துக்கு அடியில், 'வரும்போது பால் வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி மறந்துடாதே' என்று ஊரறிய எழுதினார். பிள்ளைகள் கூடிப் பேசி மரியாதையாகப் பதில் போட்டார்கள்: 'வணக்கம். எங்கள் டீச்சரிடம் சொல்லிவிட்டோம். மறக்கமாட்டார்.' டீச்சருக்கு அன்று பால் வாங்காமல் வீட்டுக்குப் போக வழியில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை வேண்டாம் மந்திரி. மந்திரிக்குச் சிவப்பு அட்டையில் வெட்டிய ஒரு வட்டம் தரப்படும். எதைப் பக்கத்தில் போடுவதாக இருந்தாலும் மந்திரி முதலில் பார்க்க வேண்டும். இதைப் போட்டால் யாருக்காவது வலிக்குமா? யாராவது வெட்கப்படுவார்களா? சம்பந்தப்பட்டவரைக் கேட்டாயிற்றா? எங்கேயாவது இடித்தால் வட்டம் மேலே போகும். வட்டம் போனால் படம் போகாது. டீச்சரே எடுத்த படமானாலும் அதே கதிதான்.

அப்படிப்பட்ட வகுப்பில்தான் போன வாரம் கோட்டை விட்டார்கள். மந்திரிப் பையனுக்குக் காய்ச்சல். 'உங்கள் வீட்டில் போன் என்ன செய்கிறது?' என்று டீச்சர் கேட்க, பிள்ளைகள் சீட்டுகளில் எழுதித் தள்ளினார்கள். ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'அம்மா போனைப் பார்த்துக்கொண்டே ஊட்டினார். ஸ்பூன் என் காதுக்குள் போய்விட்டது.' டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில், மந்திரி இல்லாததையே மறந்து எல்லாச் சீட்டுகளையும் படம் எடுத்துப் போட்டுவிட்டாள்.

அது எந்த அம்மா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கவும் வேண்டாம். ஆனால் மூத்த மருமகள் அந்தப் படத்துக்கு அடியில் தன் முழுப்பெயரோடு, தன் முகம் தெரிகிற படத்தோடு, எழுதினாள்: 'அது நான் இல்லை.'

அப்புறம் தெருவுக்கு வேறென்ன வேலை?

"இன்னிக்கு மத்தியானம் மீட்டிங் வெச்சிருக்கேன்." மூத்தவள் இரண்டு படி இறங்கினாள். அவள்தான் பெற்றோர் குழுத் தலைவி. "பிள்ளைங்க பாதுகாப்புனு ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கத்தை மூடணும். அதை ஆரம்பிச்சவங்களை இன்னும் வெச்சிருக்கணுமான்னும் ஹெச்.எம். யோசிக்கணும்."

இளையவளின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. பக்கம் போனால் போகட்டும் என்றுகூட ராத்திரியெல்லாம் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். வேலையிலேயே கை வைப்பாள் என்று நினைக்கவில்லை.

"அக்கா, ஒரே வீட்டுல இருந்துட்டு..."

"ஒரே வீட்டுல இருக்கறதாலதான் இவ்வளவு நாள் பொறுத்தேன்."

உருளைக்கிழங்குத் தோல் நீளமாக, அறுந்துபோகாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"அம்மா, சித்தி, எனக்கு லேட்டாகுது," என்று இருவருக்கும் நடுவே புகுந்து இறங்கினாள் மூத்தவளின் மகள். எட்டு வயது. ஆள் சின்னது, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். சித்தியின் வகுப்பில்தான் படிக்கிறாள். இந்த வாரம் சிவப்பு வட்டம் அவளிடம்தான் இருந்தது. புத்தகப்பைக்குள் வைத்தால் மடங்கிவிடும் என்று கையிலேயே பிடித்திருந்தாள்.

வாசலில் இளையவளின் கணவன் வண்டியைத் துடைப்பதுபோல் நின்றான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். துடைத்த இடத்தையே துடைப்பதில் பழக்கப்பட்டவன். மிளகு நாலடி முன்னால் போனதும் மனைவியின் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தான்.

"என்னது இது?"

"அண்ணி போட்டதெல்லாம் இதுல இருக்கு. பிள்ளை பல்லு விழுந்து அழுதது, மார்க் ஷீட், எல்லாம். அப்புறம் அந்தப் போர்வை."

அவளுக்கு ஞாபகம் வந்தது. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்னப் போர்வை. 'எங்க வீட்டுச் செல்லம் ராத்திரி மறுபடியும்!' என்று சிரிக்கும் பொம்மைகளோடு மூத்தவள் எழுதியிருந்தாள். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு வாரம் மிளகு பள்ளியில் யாரோடும் பேசவில்லை.

"பாதுகாப்பு, பாதுகாப்புங்கறாங்கல்ல? பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டு. அஞ்சு நிமிஷத்துல மீட்டிங் முடிஞ்சுடும். உன் வேலைக்கு ஒரு கேடும் வராது."

பொய் சொல்லவில்லை அவன். முடிந்துவிடும்தான். அவள் பென் டிரைவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்னப் பொருள் வழியெல்லாம் கனத்தது. பள்ளி கேட் வரைக்கும் 'சித்தி', கேட்டைத் தாண்டினால் 'டீச்சர்' என்பது அவளுக்கும் மிளகுக்கும் ஒப்பந்தம். அன்று கேட் வந்தும் மிளகு ஒன்றும் கூப்பிடவில்லை.

முதல் பீரியட் கணக்கு. டீச்சர் போர்டில் எழுதிய கூட்டல் இரண்டு முறை தப்பாக வந்தது. பிள்ளைகளே திருத்தினார்கள். சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு யோசனை கேக்கறேன். ஒருத்தர் ஒரு போட்டோ போட்டாங்க. போட்டது தப்பு. அது தப்புனு எல்லாருக்கும் புரிய வைக்க, அதே போட்டோவை நான் பெருசா காட்டலாமா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "காட்டலாம் டீச்சர், அப்பத்தான் புத்தி வரும்," என்றது ஜன்னலோரப் பெஞ்சு. "மிஸ், நாலு பேருக்கு மட்டும் காட்டுங்க," என்று ஒருவன் பேரம் பேசினான்.

மிளகு எழுந்தாள். மந்திரி கேள்வி கேட்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி.

"போட்டோல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ஆனா அது ஒரு சின்னப் பிள்ளையோடது."

"அந்தப் பிள்ளையைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"அதைக் காட்டினா நீங்க ஜெயிப்பீங்களா?"

இந்தக் கேள்வி விதியில் இல்லாதது.

"ஜெயிப்பேன்."

மிளகு வட்டத்தைத் தூக்கினாள். முகத்துக்கு நேராக. வட்டத்துக்குப் பின்னால் முகம் எப்படி இருந்தது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. "வேண்டாம் டீச்சர்."

வகுப்புப் பக்கத்தில் போடுகிற படத்துக்கு மட்டும்தான் மந்திரி, பெரியவர்கள் மீட்டிங்குக்கு இல்லை என்று வாதாடியிருக்கலாம். மற்றவர்களாக இருந்தால் வாதாடியிருப்பார்கள். டீச்சர் கைப்பையைத் திறந்து, பென் டிரைவை எடுத்து, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். வருடம் முழுக்கப் பாடுபட்ட வேலையும் அந்த டிராயருக்குள் சேர்ந்து போவதுபோல் இருந்தது.

மத்தியானம் மீட்டிங் மூன்றாம் வகுப்பு அறையிலேயே. பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில். வகுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும் என்பது ஹெச்.எம். உத்தரவு.

மூத்த மருமகள் கல்யாணத்துக்குப் போவதுபோல் வந்திருந்தாள். எழுந்தாள், தொண்டையைச் செருமினாள், போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வணக்கம் நண்பர்களே! நம்ம பிள்ளைங்க பாதுகாப்புக்காக ஒரு முக்கியமான மீட்டிங்ல இருந்து நேரலையில பேசறேன். இங்க வந்திருக்கற பெற்றோர்கள் எல்லாரையும் பாருங்க..."

போன் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. ஒருத்தி வாயில் பிஸ்கெட்டோடு மாட்டினாள். ஒருவர் கொட்டாவியோடு மாட்டினார். மூன்றாவது பெஞ்சில் இருந்தவர் சட்டென்று மேஜைக்கடியில் குனிந்தார். பயனில்லை. அரை நிமிடத்தில் அவர் பாக்கெட்டில் போன் அடித்தது.

"சார்... இல்ல சார்... காய்ச்சல்தான் சார்... இது ஆஸ்பத்திரிதான்... பெஞ்சு கொஞ்சம் சின்னதா இருக்கு சார்..."

"யாரைக் கேட்டுங்க எங்களைக் காட்டறீங்க?" என்றது ஒரு குரல். "என் வீட்டுக்காரருக்கு நான் இங்க வந்ததே தெரியாது!" என்றது இன்னொன்று. பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா, காலையிலிருந்து பக்கத்தை மூடு மூடு என்று எல்லாரையும் தூண்டிவிட்டவள், "நடக்கட்டும், நீங்க பேசுங்க தலைவி," என்று ஏற்றிவிட்டாள்.

தலைவி பேசினாள். "முகம் தெரியலேன்னா போதுமா? பேர் இல்லேன்னா போதுமா? ஒரு குடும்பத்து விஷயத்தை..."

அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் போனும் திடீரென்று சிவப்பாகிப் போனது.

மிளகு வட்டத்தைக் கேமராமேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். எட்டவில்லை என்று பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தாள்.

"என்னடி பண்றே? இறங்கு!"

"வேண்டாம்மா. நீங்க யாரையும் கேக்கல."

"நான் உன் அம்மாடி!"

"தெரியும். காலையில டீச்சருக்கே வேண்டாம் சொன்னேன். அவங்க கேட்டாங்க."

எங்கோ ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. ஆஸ்பத்திரிக்காரர் மட்டும் மேஜைக்கடியிலிருந்து மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்து, யாரும் சேரவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "உன்னை எழுதவெச்சு, உன் அம்மாவை ஊர் சிரிக்க வெச்சாங்கடி. அதுக்கு மட்டும் உன் வட்டம் எங்க போச்சு?"

"எழுதினது நான் இல்லம்மா," என்றாள் மிளகு. "எனக்கு ஸ்பூன் காதுல போகல. மூக்குலதான் போச்சு."

அறையே சிரித்தது. பின் பெஞ்சு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கைப்பையைத் தேட ஆரம்பித்தாள். கைப்பை மடியில்தான் இருந்தது. அவளுடைய பிள்ளை சுவரோரத்தில் நின்று காதைத் தடவிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மிளகு அம்மாவின் காதருகே குனிந்தாள். அவள் சொன்னது பக்கத்தில் நின்ற டீச்சருக்கு மட்டும் கேட்டது.

"போர்வை போட்டோ போட்டப்ப என்கிட்ட வட்டம் இல்லம்மா."

மூத்தவள் கட்டை விரலால் நேரலையை நிறுத்தினாள். பிறகு எல்லாரும் பார்க்க, போனில் எதையோ தேடினாள். கீழே, இன்னும் கீழே என்று தள்ளிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள். அழித்தாள். இன்னொன்றை அழித்தாள். கண் மை கலைந்ததைத் துடைக்கக்கூட நினைவில்லை. அவள் அப்படி நின்று அந்தத் தெரு பார்த்ததேயில்லை.

டீச்சர் முன்னால் வந்தாள். இப்போது அவள் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தாலும் ஜெயித்திருப்பாள். ஆனால் சொன்னாள்.

"போன வாரம் தப்பு என்னோடது. மந்திரிக்குக் காய்ச்சல். நான் சிரிச்ச சிரிப்புல யாரையும் கேக்காம போட்டுட்டேன். அக்காவுக்குக் கோவம் வந்தது நியாயம்தான். மூடணும்னு எல்லாரும் நெனச்சா மூடிடறேன்."

"மூடறதா?" ஹெச்.எம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப அந்த ஸ்கூல் நிழல்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது... பிள்ளைங்க அளவெடுக்கறது பாதியில நின்னு போயிடும்னு சொல்றேன்."

பெற்றோர் பெஞ்சில் இருந்த பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். "மூடக்கூடாதுங்கறவங்க கை தூக்குங்க," என்று அவரே சொல்லிக்கொண்டார். கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆஸ்பத்திரிக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

தூக்காத கை மூத்தவளுடையது. அவள் மூக்கை உறிஞ்சினாள், நிமிர்ந்தாள். தலைவி தலைவிதான்.

"பக்கம் இருக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன். மந்திரிக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்றது? துணை மந்திரினு ஒருத்தர் வேணும். அது இல்லாம எப்படி இத்தனை நாள் ஓட்டினீங்க? இதைக்கூடவா யோசிக்கல?"

"யோசிக்கல அக்கா," என்றாள் டீச்சர்.

"அதுக்குத்தான் நாலு பேர்கிட்ட கேக்கணும்கறது." சொல்லிவிட்டு, தானும் கையைத் தூக்கினாள்.

சுவரோரத்திலிருந்து பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜாம் பாட்டில் ஒன்று உருண்டு விழுந்தது. மிளகு பெஞ்சு மேலேயே குதித்தாள். அவளை இறக்கிவிட இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கை நீண்டது. அம்மாவின் கை ஒன்று, சித்தியின் கை ஒன்று. அவள் இரண்டையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அடுத்த வாரமே எல்லா வகுப்புக்கும் ஒரு பக்கம், ஒரு மந்திரி, ஒரு துணை மந்திரி என்று ஹெச்.எம். சுற்றறிக்கை விட்டார். சொன்னபடியே வருடக் கடைசியில் டீச்சரின் வேலையும் நிரந்தரமானது. பெற்றோர் குழுவுக்கும் ஒரு சிவப்பு வட்டம் வெட்டினார்கள். தலைவியே கேட்டு வாங்கித் தன் போனின் பின்னால் ஒட்டிக்கொண்டாள். அந்த பென் டிரைவை டீச்சர் கணவனிடமே திருப்பிக் கொடுத்து, துடைக்கத்தான் உனக்குத் தெரியுமே, துடை என்றாள். துடைத்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தெருவே வாய் பிளந்து பார்த்தது. ஐம்பதை எட்டிப் பிடிக்கும் ஹெச்.எம்., அந்த இன்னொரு பள்ளியில் தினமும் குச்சி நட்டு நிழல் அளந்த வாத்தியாரையே கல்யாணம் செய்துகொண்டு அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரின் நிழலையும் சேர்த்துப் படம் போட்டார்கள். மந்திரி இருவரையும் கேட்டுக்கொண்டுதான் போட்டாள்.

மூத்தவளும் அவள் கணவனும் மகளும் இரண்டு தெரு தள்ளிப் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். சண்டையில் இல்லை, சந்தோஷமாகத்தான். மிளகுக்கென்று அங்கே ஒரு தனி அறை, கதவில் சிவப்பு வட்டம். தட்டாமல் உள்ளே போக அம்மாவுக்கும் அனுமதி கிடையாது.

மாடி காலியானது. மாமியார் வாடகைக்கு ஆள் வேண்டும் என்று வீட்டு குரூப்பில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, ஹெச்.எம். கல்யாணப் படத்துக்கு அடியில் எழுதினார்: 'மாடி காலி. தண்ணி வசதி உண்டு. கீழ்வீட்டு மருமகள் சத்தம் போட்டாலும் மேலே கேட்காது.'

'வணக்கம். தெரிந்தவர்களிடம் சொல்கிறோம்,' என்று பிள்ளைகள் பதில் போட்டார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். மறுநாள் சாயங்காலம் பெட்டியும் கையுமாக வந்து கதவைத் தட்டி, "டீச்சர் வீடு இதுதானே?" என்று கேட்டவர், பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த ஹெச்.எம்.